கோடை விடுமுறைச் சம்பளம்: பத்துத் தவணையா, பன்னிரண்டு தவணையா?

பள்ளியில் வேலைக்குச் சேரும்போது கையெழுத்துக்கு வரும் தாள்களில் ஒன்றை நிறைய பேர் படிக்காமலே நிரப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆண்டுச் சம்பளத்தைப் பள்ளி நடக்கும் 10 மாதங்களிலேயே வாங்கிக்கொள்கிறீர்களா, கோடை விடுமுறையையும் சேர்த்து 12 மாதத்துக்குப் பிரித்துத் தரட்டுமா என்று கேட்கும் தாள் அது. அமெரிக்கப் பள்ளி மாவட்டங்கள் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) பலவற்றில் இந்தத் தேர்வை ஆசிரியரிடமே விடுகிறார்கள். வேறு பல நாடுகளில் நிர்வாகமோ அரசோ முடிவு செய்துவிடும். அங்கே ஆசிரியர் கையில் இருப்பது, எந்த மாதிரி ஒப்பந்தத்தில் சேர்வது என்ற முடிவு மட்டும்தான். எப்படியானாலும் யோசிக்க வேண்டியது ஒன்றே: பள்ளி பூட்டியிருக்கும் மாதங்களில் வீட்டுச் செலவுக்கான பணம் எங்கிருந்து, எப்போது வரும்?

"உங்களுக்கென்ன, லீவுக்கும் சம்பளம்" என்ற பேச்சைக் கேட்காத ஆசிரியர் இருக்க மாட்டார். அந்தப் பேச்சை ஆசிரியர்களே நம்பிவிடுவதுதான் எனக்குக் கவலை. அமெரிக்காவில் ஓர் ஆசிரியரின் ஒப்பந்தம் பொதுவாக 180 முதல் 190 நாள் வேலைக்கானது. ஆண்டுச் சம்பளம் என்று போட்டிருக்கும் தொகை அந்த நாட்களுக்கான கூலி. ஜூலையில் ஒரு தொகை வங்கிக்கு வருகிறது என்றால், அது முந்தைய மாதங்களில் உழைத்து, அப்போது கைக்கு வராமல் நிறுத்திவைக்கப்பட்ட பணம். சும்மா இருந்ததற்கு யாரும் கொடுத்ததில்லை. ஆக, 10 தவணையா 12 தவணையா என்ற கேள்விக்கு உள்ளே இருப்பது வேறொரு கேள்வி: நீங்கள் சம்பாதித்த பணத்தைக் கோடை வரை யார் வைத்திருப்பது? நீங்களா, பள்ளியா?

இங்கிலாந்தில் கணக்கு கொஞ்சம் வேறு. அரசுப் பள்ளி ஆசிரியர் ஆண்டுக்கு 195 நாள் வேலைக்கு வர வேண்டும், அதில் 1,265 மணி நேரம் தலைமையாசிரியர் சொல்லும் வேலைக்கு உரியது என்று ஊதிய விதிகளில் இருக்கிறது. சம்பளம் 12 சம தவணை. விடுமுறையும் அந்த ஆண்டுச் சம்பளத்துக்குள் அடக்கமா, இல்லையா என்பது ஒரு வழக்காகவே போனது. 2011 நவம்பர் 30 அன்று ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்த கல்லூரி ஆசிரியர்களிடம், சனி, ஞாயிறு தவிர்த்த நாட்களை மட்டும் எண்ணி, ஆண்டுச் சம்பளத்தில் 260-இல் ஒரு பங்கை நிர்வாகம் பிடித்தது. 365-இல் ஒரு பங்குதான் பிடிக்கலாம் என்று 2017 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ஆசிரியர்கள் மாலையிலும் வார இறுதியிலும் விடுமுறையிலும் பாடம் தயாரிப்பது, தாள் திருத்துவது என்று வேலை பார்க்கிறார்கள். அவர்கள் சம்பளம் ஆண்டின் எல்லா நாளும் சமமாகச் சேர்ந்துகொண்டே வருகிறது என்பது தீர்ப்பின் சாரம். "லீவுக்கும் சம்பளம்" என்று சொல்பவருக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

இந்திய அரசுப் பள்ளியில் நிரந்தர ஆசிரியருக்கு விடுமுறைக் காலமும் பணிக்காலம்தான்; சம்பளம் வழக்கம்போல மாதாமாதம் வரும். அதற்கு ஈடாக அவர் விட்டுக்கொடுப்பது ஒன்று உண்டு. மற்ற அரசு ஊழியர்களுக்குச் சேரும் அளவுக்கு ஈட்டிய விடுப்பு ஆசிரியருக்குச் சேராது. அவர்களுக்குத் தேர்வு செய்ய எதுவும் இல்லை என்பதால் இந்தக் கட்டுரை அவர்களுக்கு அவ்வளவாகத் தேவைப்படாது.

தவணையைப் பார்ப்பதற்கு முன் மொத்தத்தைப் பாருங்கள். இரண்டு பள்ளிகள் வேலைக்குக் கூப்பிடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று மாதம் 12,000 என்கிறது, இன்னொன்று மாதம் 10,500. முதல் பள்ளி 10 மாதம்தான் தரும், இரண்டாவது 12 மாதமும் தரும் என்றால் 1,20,000-க்கும் 1,26,000-க்கும் இடையில் தேர்ந்தெடுக்கிறீர்கள். மாதச் சம்பளம் குறைவாகத் தெரிந்த பள்ளிதான் அதிகம் கொடுக்கிறது. நேர்காணலில் "மாதம் எவ்வளவு" என்று கேட்டுவிட்டு "எத்தனை மாதம்" என்று கேட்காமல் வருபவர்கள்தான் அதிகம். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

ஒரே தொகை, இரண்டு தவணை முறை

மொத்தம் ஒன்றுதான், தவணைதான் வேறு என்ற நிலையை எடுத்துக்கொள்வோம். ஆண்டுச் சம்பளம் 1,20,000. 10 தவணை என்றால் மாதம் 12,000. கடைசி இரண்டு மாதம் ஒன்றும் வராது. 12 தவணை என்றால் மாதம் 10,000. ஒவ்வொரு மாதமும் உங்கள் 2,000 பள்ளியிடம் தங்குகிறது. பத்தாவது மாத முடிவில் பள்ளியிடம் உங்கள் பணம் 20,000 சேர்ந்திருக்கும். அதுதான் பதினொன்றாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் பத்துப் பத்தாயிரமாக வருகிறது.

இந்த 2,000-ஐ நீங்களே வங்கியில் போட்டிருந்தால் எவ்வளவு வட்டி கிடைத்திருக்கும்? மாதாமாதம் ஏறி, கடைசியில் இறங்கும் இருப்பையெல்லாம் கூட்டினால், 10,000 ரொக்கத்தை ஓர் ஆண்டு முழுக்க வைத்திருந்ததற்குச் சமமாக வருகிறது. 5 சதவீத வட்டி என்றால் 500. ஆண்டுச் சம்பளத்தில் இது அரை சதவீதம்கூட இல்லை. "பள்ளி என் பணத்தை வைத்து வட்டி சம்பாதிக்கிறது" என்று கோபப்பட்டு 10 தவணையைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்த 500-ஐ ஒரு முறை கண்ணால் பார்த்துவிட வேண்டும். அது அவர்களுடைய பணம்தான், கேட்பதும் நியாயம்தான். ஆனால் அதற்காக மட்டும் கோடையில் இரண்டு மாதம் வரவில்லாமல் இருக்கத் தேவையில்லை.

கடன் இருந்தால் கதை வேறு. கிரெடிட் கார்டு பாக்கி ஆண்டுக்கு 36 சதவீத வட்டியில் ஓடுகிறது என்றால், அதே கணக்கில் 500 இருந்த இடத்தில் 3,600 வருகிறது. 12 தவணையில் வரும் மாதச் சம்பளமான 10,000-இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். கந்துவட்டியிலோ கார்டு வட்டியிலோ மாட்டியிருப்பவர் 10 தவணையை வாங்கி, கூடுதலாக வரும் 2,000-ஐ நேராகக் கடனில் கட்டுவது நல்லது. ஆனால் அந்தக் கோடைக்கு வேறு வரவு இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அடைத்த கடனை அதே வட்டியில் திரும்ப வாங்க வேண்டி வரும்.

அப்புறம், 10 தவணையில் பலரும் கவனிக்காத ஒன்று. "இரண்டு மாதம்தானே" என்கிறார்கள். சம்பள நாளை வைத்துப் பார்த்தால் இடைவெளி மூன்று மாதம். பத்தாம் மாத முடிவில் ஒரு சம்பளம் வருகிறது. அடுத்தது, பள்ளி திறந்து ஒரு மாதம் வேலை பார்த்த பிறகு, முதல் மாதக் கடைசியில். பத்தாம் மாதச் சம்பளம் பதினொன்றாம் மாதச் செலவுக்குச் சரியாகப் போய்விடும், ஏனென்றால் எல்லா மாதமும் அப்படித்தான் ஓடுகிறது. பணம் இல்லாமல் போவது பன்னிரண்டாம் மாதத்திலும், பள்ளி திறக்கும் மாதத்திலும். விடுமுறையின் முதல் பாதி நன்றாகவே போகும். பயணம் போகலாம், வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம் என்று தோன்றும். நெருக்கடி வருவது பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும் நேரத்தில். ஆசிரியர் வீட்டிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தானே இருக்கிறார்கள். கோடையில் போக்குவரத்துச் செலவு குறையும், அதனால் சமாளித்துவிடலாம் என்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. வாடகை, வீட்டுக் கடன் தவணை, மின் கட்டணம், பெற்றோரின் மருந்து எதற்கும் விடுமுறை கிடையாது.

10 தவணையை வாங்கி அதை நாமே 12 ஆக்கிக்கொள்வதும் முடியும். வருவதில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 12,000-இல் 2,000, சம்பளம் வரும் நாளே வேறொரு கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் சொல்லி வைக்க வேண்டும். பத்து மாதத்தில் முதிரும் தொடர் வைப்புக் கணக்காக இருந்தால் இன்னும் நல்லது, நடுவில் எடுக்கக் கை வராது. இப்படிச் செய்தால் வட்டியும் உங்களுக்கு, பணமும் உங்கள் பிடியில், கோடைக்கும் சோறு உண்டு. மாதக் கடைசியில் மிஞ்சுவதை எடுத்து வைப்போம் என்றால் நடக்காது. மாதக் கடைசியில் மிஞ்சாது.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதச் செலவுக்குக் கையிருப்பு இல்லாதவர், வீட்டில் ஒரே சம்பளத்தில் ஓட்டுபவர், புதிதாக வேலைக்கு வந்தவர் – இவர்களுக்கு 12 தவணைதான். ஐந்நூறு வட்டியை விட்டுக்கொடுத்தால் கோடை முழுக்கக் கைமாற்று கேட்காமல் இருக்கலாம் என்றால் அது மலிவான பேரம். கையிருப்பு உள்ளவர், கோடையில் வேறு வரவு நிச்சயமாக உள்ளவர், துணையின் சம்பளம் 12 மாதமும் வரும் குடும்பம், இல்லாவிட்டால் அடுத்து நான் சொல்லப்போகும் காரணம் பொருந்துகிறவர் 10 தவணைக்குப் போகலாம்.

நடுவில் விலகினால்

அந்தக் காரணம் இதுதான். ஐந்து மாதம் வேலை பார்த்துவிட்டு விலகுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 தவணையில் 60,000 வாங்கியிருப்பீர்கள். உழைத்ததும் அவ்வளவுதான், கணக்கு நேர். 12 தவணையில் 50,000தான் வாங்கியிருப்பீர்கள். மிச்சம் 10,000 பள்ளியிடம் இருக்கிறது. நல்ல நிர்வாகம் கடைசிச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடும். மோசமான நிர்வாகம் "கணக்கு முடிக்க வேண்டும்", "பொருள் ஒப்படைத்த சான்று வேண்டும்" என்று மாதக்கணக்கில் இழுக்கும். சான்றிதழையும் நிலுவையையும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு விலகும் ஆசிரியரை அலையவிடும் நிர்வாகங்களும் இருக்கின்றன. பள்ளியே மூடப்படும் நிலை வந்தால், உள்ளே தங்கிய பணத்துக்கு நீங்கள் பள்ளிக்குக் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் நிற்க வேண்டும். நிதி நிலை ஆட்டம் காணும் சிறிய தனியார் பள்ளி, சம்பளம் அவ்வப்போது தாமதமாகும் பள்ளி, ஆண்டு நடுவில் ஊர் மாற வாய்ப்புள்ள குடும்பம் என்றால் உழைத்ததை உழைத்த மாதமே வாங்கிக்கொள்வது பத்திரம்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. சில இடங்களில் சம்பள ஆண்டு, பள்ளி திறப்பதற்கு முன்பே, விடுமுறை மாதத்திலேயே தொடங்கிவிடும். அங்கே முதலில் வாங்குவது இனிமேல் செய்யப்போகும் வேலைக்கான முன்பணம். இரண்டு மூன்று மாதத்தில் விலகினால் திருப்பிக் கொடுக்க வேண்டி வரும். ஒப்பந்தத்தில் சம்பள ஆண்டு எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

விலகும் தேதி எவ்வளவு பணத்தைத் தீர்மானிக்கும் என்பதை இங்கிலாந்தின் விதியில் தெளிவாகப் பார்க்கலாம். அங்கே ஆசிரியர் பதவி விலகுவதற்கு ஆண்டில் மூன்று கெடு நாட்கள். அக்டோபர் 31-க்குள் சொன்னால் டிசம்பர் 31 வரை, பிப்ரவரி கடைசிக்குள் சொன்னால் ஏப்ரல் 30 வரை, மே 31-க்குள் சொன்னால் ஆகஸ்ட் 31 வரை பணியில் இருப்பதாகக் கணக்கு. கோடை விடுமுறை ஜூலைக் கடைசியில் தொடங்கினாலும், மே மாதம் கடிதம் கொடுத்தவருக்கு ஆகஸ்ட் முடிய சம்பளம் வரும். ஆண்டு முழுக்க உழைத்தவர் கோடைப் பங்கோடு வெளியேறும்படி விதியே அமைந்திருக்கிறது. எல்லா நாட்டிலும் தனியார் பள்ளி ஒப்பந்தங்கள் இதைப் பார்த்து எழுதப்பட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

அமெரிக்காவில் தேர்வு செய்தபின் பெரும்பாலும் நடுவில் மாற்ற முடியாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். என்ரான் என்ற பெரிய எரிசக்தி நிறுவனம் சரிந்த பிறகு, பெரிய அதிகாரிகள் சம்பளத்தைத் தள்ளிப்போட்டு வாங்குவதைக் கட்டுப்படுத்த 2004-இல் ஒரு வரிச் சட்டம் வந்தது. ஒரு பள்ளி ஆண்டில் உழைத்து அடுத்த வரி ஆண்டில் சம்பளம் வாங்கும் ஆசிரியர்களும் அந்த வலையில் விழுந்தார்கள். 2007-இல் வருமான வரித்துறை விளக்கம் கொடுத்தது: பள்ளி ஆண்டின் வேலை தொடங்கும் முன் எழுத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும், அந்த ஆண்டுக்குள் மாற்றக் கூடாது. பிறகு பெரும்பாலான ஆசிரியர்களுக்கு அந்தக் கெடுபிடி தளர்ந்தது. ஆனாலும் முன்கூட்டியே எழுதிக் கொடு, நடுவில் மாற்றாதே என்பது பல மாவட்டங்களில் நடைமுறையாக நிலைத்துவிட்டது. அக்டோபரில் மனம் மாறினால் அடுத்த ஆண்டுதான்.

கோடைத் தொடக்கத்தில் மொத்தமாக

சில மாவட்டங்கள் மூன்றாவது வழியும் தருகின்றன. ஆண்டு முழுக்க 12 தவணைக் கணக்கில் பிடித்து, விடுமுறை தொடங்கும்போது மிச்சத்தை ஒரே தொகையாகக் கொடுத்துவிடுவார்கள். நம் கணக்கில் 20,000 ஒரே நாளில் கைக்கு வரும். வீட்டுக்கு முன்பணம், ஆண்டுக் காப்பீடு, படிப்புக் கட்டணம் என்று பெரிய செலவு ஏற்கெனவே குறித்து வைத்திருப்பவருக்கு இது பயன்படும். மற்றபடி எனக்கு இதில் விருப்பமில்லை. ஆண்டு முழுக்கக் குறைவாக வாங்கிய கஷ்டமும் இருக்கும், கோடைக்கு நாமே பங்கிட்டு வைக்கும் பொறுப்பும் நம் தலையில் விழும்.

கோடைக்குச் சம்பளமே இல்லாத ஒப்பந்தம்

இதுவரை பேசியது ஒரே பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதைப் பற்றி. தொகுப்பூதியம், பகுதிநேரம், தற்காலிகம் என்ற பெயர்களில் வரும் வேலைகளில் பிரிக்கவே ஒன்றும் இருக்காது. பள்ளி மூடும் நாளோடு சம்பளம் நிற்கும், திறக்கும் நாளில் மறுபடி தொடங்கும்.

தமிழ்நாட்டில் 2012-இல் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி, ஓவியம், கணினி, தையல் போன்றவற்றுக்குப் பகுதிநேர ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் நியமிக்கப்பட்டார்கள். அவர்களுக்குப் பல ஆண்டுகள் மே மாதச் சம்பளம் தரப்படவில்லை. ஆண்டுக்கு 11 மாதம்தான். "மே மாதச் சம்பளம் வேண்டும்" என்பது அவர்கள் போராட்டங்களில் ஓயாமல் கேட்ட கோரிக்கை. ஜெர்மனியில் சில மாநிலங்கள் தற்காலிக ஆசிரியர்களின் ஒப்பந்தத்தைக் கோடை விடுமுறைக்கு முன்னால் முடித்து, பள்ளி திறக்கும்போது புதிதாக எழுதிக்கொண்டிருந்ததும் நீண்ட காலச் சர்ச்சை. வசதியான நாட்டிலும் நடப்பதுதான் இது. ஒரு ஆசிரியரை ஜூன் வரை தேவை என்று சொல்லி, ஜூலையில் தேவையில்லை என்று அனுப்பி, மறுபடி அதே வகுப்புக்குக் கூப்பிடுவதை நான் சிக்கனம் என்று சொல்ல மாட்டேன். அந்த ஆறு வாரச் செலவை அரசோ நிர்வாகமோ அந்தக் குடும்பத்தின் தலையில் இறக்கி வைக்கிறது.

வேலை இல்லாத மாதத்துக்கு அரசின் வேலையின்மை உதவித்தொகை கிடைக்குமே என்று தோன்றலாம். அமெரிக்காவில் அடுத்த கல்வியாண்டிலும் வேலை உண்டு என்று நியாயமான உறுதி இருந்தால் ஆசிரியருக்குக் கோடையில் அந்த உதவி கிடையாது. கூட்டாட்சிச் சட்டமே அப்படி. கனடாவிலும் பாடம் நடக்காத காலத்துக்கு ஆசிரியருக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை, ஒப்பந்தம் உண்மையிலேயே முடிந்துபோனது போன்ற சில நிலைகளைத் தவிர. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 2023-இல் சட்டத்தைத் திருத்தி, பேருந்து ஓட்டுநர், வகுப்பு உதவியாளர் போன்ற மணிக்கூலிப் பள்ளி ஊழியர்களுக்குக் கோடையில் உதவித்தொகை பெற வழி செய்தது. ஆசிரியர்கள் அதில் இல்லை. உதவித்தொகையை நம்பி 10 மாத ஒப்பந்தத்தில் சேர்வதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணத்தைவிடப் பெரிய இழப்பு, பணித் தொடர்ச்சி முறிவது. ஒப்பந்தம் ஏப்ரலில் முடிந்து ஜூனில் புதிதாகத் தொடங்கினால், பத்து ஆண்டு உழைத்தவரும் காகிதத்தில் பத்து முறை புதிதாகச் சேர்ந்தவராகவே தெரிவார். பணி மூப்பு, ஆண்டு ஊதிய உயர்வு, பணிக்கொடை, மகப்பேறு விடுப்பு எல்லாவற்றிலும் இந்த இடைவெளியைக் காட்டிப் பேசுவார்கள். இந்தியாவில் தனியார் பள்ளி ஆசிரியருக்குப் பணிக்கொடை உண்டு என்பதே எளிதில் கிடைத்த உரிமை அல்ல. 2009-இல் சட்டம் திருத்தப்பட்டு, 1997 ஏப்ரல் 3 முதல் முன்தேதியிட்டு ஆசிரியர்களும் சேர்க்கப்பட்டார்கள். அதை எதிர்த்துத் தனியார் பள்ளிகள் வழக்குப் போட்டன. திருத்தம் செல்லும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இவ்வளவு போராடிக் கிடைத்ததைக் கோடை இடைவெளியைக் காட்டி யாரும் பறிக்க விடக் கூடாது. நியமன ஆணை, பணிமுடிவுக் கடிதம், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஆண்டுவாரியாக வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறையில் நீங்கள் பள்ளி வேலை செய்தால், அதற்கான சுற்றறிக்கையையும் சேர்த்து வையுங்கள்.

அப்படிப்பட்ட வேலையை எடுக்கவே கூடாதா? சில நேரம் வேறு வழி இருக்காது. எடுத்தால் விலையைச் சரியாகப் போடுங்கள். 12 மாதமும் 10,000 தரும் வேலைக்கு, 10 மாதம் தரும் வேலை ஈடாக வேண்டுமானால் மாதம் 12,000 தர வேண்டும். 20 சதவீதம் கூடுதல். அது வெறும் ஈடு மட்டும்தான். கோடையில் காப்பீடு அறுந்துபோவது, தொடர்ச்சி முறிவது, மறுபடி கூப்பிடுவார்களா என்று காத்திருப்பது எல்லாவற்றையும் சேர்த்தால் 20-க்கு மேல் கேட்க வேண்டும். குறைவாகக் கொடுத்தால், நிரந்தர ஒப்பந்தம் உள்ள பள்ளியில் கொஞ்சம் குறைந்த மாதச் சம்பளத்துக்குப் போவதையே நான் சொல்வேன்.

மணிக்கணக்கில் வேலை பார்ப்பவர்கள்

இசை, விளையாட்டு, சிறப்புப் பயிற்சி என்று மணிக்கூலியில் வருபவர்களின் கோடைக் கணக்கு இன்னும் குழப்பமானது. பிரிட்டனில் ஓர் இசை ஆசிரியர் தொடுத்த வழக்கு இதைப் பெரிய விவாதமாக்கியது. நிரந்தர ஒப்பந்தம், ஆனால் பள்ளி நடக்கும் வாரங்களில், அதுவும் பாடம் எடுத்த மணிக்குத்தான் கூலி. அவருக்கு விடுமுறைச் சம்பளமாகப் பள்ளி கொடுத்தது சம்பாதித்ததில் 12.07 சதவீதம். அந்த எண் எங்கிருந்து வந்தது? சட்டப்படியான விடுப்பு ஆண்டுக்கு 5.6 வாரம், 52-இல் அதைக் கழித்தால் 46.4, 5.6-ஐ 46.4-ஆல் வகுத்தால் 12.07 சதவீதம். ஆனால் அவர் 46 வாரம் வேலை பார்ப்பவர் இல்லை, அதைவிடக் குறைவு. அவருடைய சராசரி வாரச் சம்பளத்தை வைத்து முழு 5.6 வாரத்துக்கும் கொடுக்க வேண்டும் என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு அரசு விதியையே மாற்றிவிட்டது. 2024 ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பின் தொடங்கும் விடுப்பு ஆண்டுகளில், ஆண்டில் சில மாதம் மட்டும் வேலை பார்ப்பவருக்கு மறுபடி 12.07 சதவீதக் கணக்குதான். அதை மாதச் சம்பளத்தோடு சேர்த்தே கொடுக்கலாம், ஆனால் சம்பளச் சீட்டில் தனியாகக் காட்ட வேண்டும்.

அந்தக் கடைசி நிபந்தனை எந்த நாட்டு மணிக்கூலி ஆசிரியருக்கும் உதவும். "உங்கள் கூலியிலேயே விடுமுறைச் சம்பளமும் அடக்கம்" என்று யாராவது சொன்னால், எவ்வளவு அடக்கம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தனியாகக் காட்ட முடியாதென்றால், பெரும்பாலும் அப்படி ஒன்று இல்லை.

பிடித்தமும், ஒரு நாள் சம்பளமும்

10 தவணையை எடுப்பவர் பிடித்தங்களைக் கேட்டே ஆக வேண்டும். மருத்துவக் காப்பீட்டுத் தொகை 12 மாதமும் கட்டப்படுவது. சம்பளம் இல்லாத மாதங்களின் பங்கைப் பல பள்ளிகள் கோடைக்கு முந்தைய ஒன்றிரண்டு சம்பளத்தில் இரட்டிப்பாகப் பிடித்துவிடும். பெரிதாக வரும் என்று எதிர்பார்த்த கடைசிச் சம்பளம் சிறுத்து வரும். அமெரிக்காவில் வரிப் பிடித்தமும் அந்தத் தவணையின் அளவு ஆண்டு முழுக்க வருவதாக வைத்துப் போடப்படுவதால், 10 தவணைக்காரருக்குக் கொஞ்சம் அதிகமாகப் பிடிபடும். ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும்போது திரும்ப வந்துவிடும் என்பதால் நஷ்டமில்லை, அதுவரை கைக்கு வராது, அவ்வளவுதான்.

சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் ஒரு நாளுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பது இன்னும் பெரிய விஷயம். 1,20,000-ஐ 200 வேலை நாளால் வகுத்தால் ஒரு நாளுக்கு 600. 365-ஆல் வகுத்தால் 329. இரண்டுமே ஒரு தர்க்கத்தோடு இருக்கிறது. பள்ளி எதைப் பின்பற்றுகிறது என்பதைவிட, எப்போதும் ஒன்றையே பின்பற்றுகிறதா என்று பாருங்கள். பிடிக்கும்போது 200-ஆல் வகுத்து, விடுமுறையில் கூப்பிட்டு வேலை வாங்கும்போது 365-ஆல் வகுத்துக் கொடுத்தால் அதை எதிர்த்துக் கேட்க வேண்டும்.

விடுமுறையில் வேலை வாங்குவது என்றதும், கையெழுத்துக்கு முன் எழுத்தில் வாங்க வேண்டிய ஒரு வரி ஞாபகம் வருகிறது. மாணவர் சேர்க்கைப் பணி, பயிற்சி முகாம், தேர்வுத் தாள் திருத்தம், கோடை வகுப்பு என்று ஏதோ ஒன்றுக்குக் கூப்பிடுவார்கள். அந்த நாட்கள் ஒப்பந்தத்தின் வேலை நாட்களுக்குள் வருமா, தனிக் கூலியா? 12 தவணை வாங்குபவரிடம் "அதான் இந்த மாதமும் சம்பளம் போடுகிறோமே" என்று சொல்லிக் கூப்பிடுவார்கள். போடுவது ஏற்கெனவே உழைத்த மாதங்களின் பாக்கி. ஆகவே எத்தனை வேலை நாள், அதற்கு மேல் வந்தால் நாளுக்கு எவ்வளவு என்று நியமன ஆணையிலேயே எண்ணைப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.